பத்தொன்பதுக்கு ஒன்று

வென்றவர்கள் கூடியிருந்த இடம் எதிலும் நான் அவரைக் கண்டதில்லை. நான் ஒஸ்லோவில் இருந்த காலத்தில் எங்கள் ஆட்களில் யாராவது வீடு வாங்கினால், யாருடைய மகளாவது மருத்துவப் படிப்புக்கு எடுபட்டால், ஒரு மண்டபம் எடுத்துச் சோறு போடுவார்கள். அங்கே அவர் வரமாட்டார். வழக்கில் தோற்றவன், கடையைப் பூட்டப் போகிறவன், மனைவி விட்டுப் போனவன், இவர்களுடைய கதவுக்கு வெளியேதான் அவருடைய சப்பாத்துக் கிடக்கும். இரும்பு மூக்கு வைத்த பெரிய கறுப்புச் சப்பாத்து. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே கொடுத்த சப்பாத்தைத்தான் ஊருக்குள்ளும் போட்டுத் திரிவார். அதைக் கண்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளலாம். உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றும் விளங்கிக்கொள்ளலாம்.

என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் நாங்கள் இருந்த அம்மருட் பகுதியில் எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள், நானும் அண்ணை என்றேன். அவர் என்னை "ஐசே" என்பார்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு மன்னாரில் மீன்வாடி, கொழும்பில் லொறி, மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், ஜெர்மனியில் ஒரு கோழிப் பண்ணை. எங்கேயும் கடைசி வரை இருந்ததில்லை. நிலைமை மோசமாகப் போகிற மணம் வந்தவுடன் பையைத் தூக்கிவிடுவேன். கூரை விழுவதற்கு முன் வெளியே வருகிறவன் புத்திசாலி என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில்தான் நாற்பது வயது தாண்டும்வரை உயிரோடு இருந்தேன்.

ஒஸ்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அம்மருட்டில் உயரமான கட்டடம் ஒன்றில், மணியம் என்கிறவனோடு ஓர் அறையில் இருந்தேன். அவனும் என்னைப் போல அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மணியமும் பக்கத்துக் குரோருட்டில் பிள்ளைகளின் உதைபந்தாட்டம் பார்க்கப் போவோம். பந்தில் ஆசை என்றில்லை. அங்கே தாய்மார் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவருவார்கள், நிற்கிறவன் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அங்கேதான் அவரை முதலில் கண்டேன்.

அன்றைக்கு எங்கள் ஆட்களின் பிள்ளைகள் ஐந்து கோல் பின்னால் நின்றார்கள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நோர்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கம் அளவுக்குமேல் தோற்றுக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கலாம். மற்றப் பக்கத்துப் பயிற்சியாளர் வந்து சிரித்தபடி அதைச் சொன்னார். எங்கள் தகப்பன்மாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"வேண்டாம். பிச்சை எடுத்து விளையாடுற அளவுக்கு நாங்கள் வரேல்லை" என்றார் ஒருவர்.

"தோத்தாலும் மானத்தோடை தோப்பம்" என்றார் இன்னொருவர்.

இவர் அவர்களுக்கு நடுவே நுழைந்தார். "அதென்ன மானம்? கூட ஒரு பிள்ளை ஓடினால் உங்கடை மானம் ஓடிப்போகுமோ? இது அவங்கடை சட்டம். தாறதை வாங்குங்கோ."

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. வெல்லவே போறம்?"

"ஆர் வெல்லுறதெண்டு சொன்னது? தோக்கத்தான் போறம். ஆனா இன்னும் நேரம் கிடக்கு."

கடைசியில் தலைமயிரை இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளையை இறக்கினார்கள். எட்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோல் போனபோது தகப்பன்மார் பாதிப்பேர் கார்களுக்குள் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினார். யாருடைய பிள்ளை போட்டது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்கு அங்கே பிள்ளையும் இல்லை.

அதன் பிறகு கோப்பி குடிக்கும்போதுதான் அந்தப் பேஸ்போல் கதையை முதன்முதலாகக் கேட்டேன்.

அவர் இளம் வயதில் நோர்வேக்காரனுடைய சரக்குக் கப்பல் ஒன்றில் சமையலறையில் வேலை செய்தவர். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, யாரோ கொடுத்த இலவச டிக்கெட்டில் அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆட்டம் பார்க்கப் போனார்கள். சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணிகள். எந்தத் துறைமுகம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மணியம் வேண்டுமென்றே கேட்பான், "அண்ணை, இண்டைக்கு எந்த ஊர்?"

"ஊர் கிடக்கட்டும், ஆட்டத்தைக் கேளும்" என்பார். "ஐசே, எங்கடை கிரிக்கெட் மாதிரித்தான், கட்டையாலை அடிக்கிறது. ஆனா மணிக்கூடு இல்லை. மழை வந்தாலும் சமநிலை எண்டு கை குலுக்கிப்போட்டுப் போறேல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒம்பது தரம் ஆடவேணும். ஒவ்வொரு தரமும் மூண்டு பேரை வெளியேத்தவேணும். வெளியேத்தாமல் ஆட்டம் முடியாது. ஒருத்தன் உன்னை விடிய விடிய அடிச்சாலும் நீ எறிஞ்சுகொண்டுதான் நிக்கவேணும்."

அன்றைக்கு ஒரு பக்கம் அப்படித்தான் அடி வாங்கியது. மூன்றாவது தரத்திலேயே பத்து ஓட்டம் போய்விட்டது. சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. பந்து எறிகிறவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அடி. பிறகு அந்தப் பக்கத்து மேலாளர் ஒரு வேலை செய்தார். அடுத்த நாளும் ஆட்டம் இருக்கிறது, இருக்கிற நல்ல கைகளை இந்தச் செத்த ஆட்டத்தில் ஏன் களைக்கவேண்டும் என்று, பந்து எறியத் தெரியாத ஒருவனைக் கூப்பிட்டு எறியவிட்டார்.

"எங்கடை விக்கெட் கீப்பர் மாதிரி ஒருத்தன். கீழே குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன். வயிறு வைச்ச ஆள். அவனை நடுவிலை கொண்டுவந்து நிப்பாட்டியாச்சு. சனம் சிரிக்குது. அவனும் சிரிக்கிறான். பிறகு எறிஞ்சான் பாரும் ஒரு பந்து. எங்கடை ஊரிலை சின்னப் பிள்ளை மாங்காய்க்குக் கல் எறியிற வேகம்தான். அடிக்கிறவன் வேகப் பந்துக்கே பழகினவன். முந்திச் சுழட்டிப்போட்டான். பந்து ஆறுதலா வந்து பின்னாலை குந்தியிருந்தவன்ரை கையுக்குள்ளை விழுந்தது!"

இந்த இடத்தில் எழும்பி நின்று எறிந்து காட்டுவார். அந்தக் கீப்பரைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகம் வேறு மாதிரி ஆகும். மற்றவர்களின் கை களைக்கக்கூடாது என்பதற்காக, தோற்றுப்போன ஆட்டத்தை முடித்துக்கொடுக்க வந்தவன். "அவனுக்கு ஒருத்தரும் மாலை போடப் போறதில்லை ஐசே. ஆனா அவன் இல்லாட்டில் அண்டைக்கு ஆட்டம் முடியாது." அந்தக் கீப்பர் மூன்று நான்கு பந்து எறிவான். அதோடு கதை நின்றுவிடும். கோப்பி ஆறுகிறது என்பார், வேலைக்கு நேரம் என்பார். கடைசியில், "பத்தொம்பதுக்கு ஒண்டு" என்று ஸ்கோரை மட்டும் சொல்லிவிட்டு எழும்புவார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஊர் மாறும், கப்பலின் பெயர்கூட மாறும், ஸ்கோர் மாறாது.

அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். நல்ல வாய்க்காரி. ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுக்காமலே சொன்னார், "ஆரோ எங்கையோ தோத்திட்டினம். இவரைத் தேடுகினம்." பிறகு என்னைப் பார்த்து, "கலியாணம் கட்டின நாளிலையிருந்து பாக்கிறன், வெல்லுற அலுவலுக்கு ஒருத்தரும் இந்த மனுசனைக் கூப்பிட்டதில்லை" என்றார். அண்ணை சிரித்தபடி சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமுடியாது. குரோருட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் கடையைப் பூட்டிய நாளில், இவர் காலையில் போய் ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்தவர், கதவு பூட்டும்வரை எழும்பவில்லை. மிஞ்சிய பெட்டிகளைக் கட்டினார், தட்டுகளைத் துடைத்தார். கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: "உதவிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தாள் இருந்தபடியா எனக்கு ஒருக்கா இருந்து அழக்கூட ஏலாமல் போச்சு."

போகப்போக, ஆட்களுக்கு அவரைக் கண்டால் பயம் வந்தது. வழக்கு நடக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் அவர் படியேறினால் கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் காட்டமாட்டார்கள். அண்ணை வந்துவிட்டார் என்றால் அலுவல் முடிந்தது என்று ஒரு பேச்சுப் பரவியிருந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே மணியை அடிப்பார்.

ஒரு நாள் எங்கள் மணியை அடித்தார்.

அந்தக் காலம் எப்படி என்றால், இலங்கையில் சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்தச் சமாதானத்தைப் பேசி உண்டாக்கியதும் நோர்வேதான். தான் உண்டாக்கிய சமாதானம் நல்லதில்லை என்று நோர்வே எப்படிச் சொல்லும்? எங்கள் ஆட்களுக்கு வரிசையாக அவ்ஸ்லாக் வந்தது. மறுப்புக் கடிதத்துக்கு அங்கே எங்கள் ஆட்கள் சொல்கிற சொல் அது. எனக்கு இரண்டாவது அவ்ஸ்லாக் வந்திருந்தது. இனி மேல்முறையீடு இல்லை. காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவுக்கு வரச்சொல்லி அந்த வியாழக்கிழமையைக் குறித்திருந்தார்கள். இனிச் செய்ய ஒன்றும் இல்லை, நான் வருவதில் பயனும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மணியம் வழி பார்த்து வைத்திருந்தான். ஸ்தவாங்கரில் அவனுக்குத் தெரிந்த ஒருவன், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் சரக்கு வாகனத்துக்குள் வைத்து ஏற்றிவிடுவான். அந்த வார முடிவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

அவர் பையைப் பார்த்தார். "வெளிக்கிடுறீரோ?"

"ஓம் அண்ணை. ஸ்தவாங்கருக்கு."

"அங்கையிருந்து?"

"லண்டன்."

"லண்டனிலையிருந்து?"

பையின் வாரை இழுத்துக் கட்டினேன். அதற்கடுத்த இடத்தை நான் இன்னும் யோசித்திருக்கவில்லை. ஆனால் அடுத்த இடம் ஒன்று வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்பது அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை அந்தக் கந்தோருக்குப் போயிட்டு வருவம். நானும் வாறன்" என்றார்.

மணியம் கோபப்பட்டான். "நீங்கள் போய் என்ன அண்ணை செய்யப் போறியள்? சட்டம் தெரியுமே உங்களுக்கு?"

"தெரியாது. அந்தக் கீப்பருக்கும் எறியத் தெரியாது."

ஸ்தவாங்கருக்கு வாகனம் வெள்ளிக்கிழமைதான். ஒரு நாள் சும்மா இருப்பதற்குப் பதிலாகப் போய்வந்தால் என்ன என்று நினைத்துப் போனேன். வேறு பெரிய எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

கந்தோரில் எங்களைக் கூப்பிட்டது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. முகத்தில் களைப்பு. "இவர் யார்? உறவினரா, சட்டத்தரணியா?" என்று கேட்டார்.

இவர் நோர்வேஜிய மொழியைக் கப்பலில் ஒரு வட நோர்வேச் சமையற்காரனிடம் படித்தவர். வடக்கு மீனவர்கள் பேசுகிற மாதிரி, இரண்டு சொல்லுக்கு ஒரு தூஷணம் கலந்துதான் அவருக்குப் பேச வரும். அப்படியே பேசினார். நான் தோற்றுவிட்டது எங்களுக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேச வரவில்லை, மிச்சத்தை ஒழுங்காக ஆடி முடிக்க வந்தோம் என்றார். அதிகாரி கையால் வாயை மூடிச் சிரித்தார். அவருடைய தகப்பன் வடக்கு ஆளாம்.

அதன்பின் இவர் ஒவ்வொன்றாக எறிந்தார். எல்லாம் மெதுவான பந்து.

விடியற்காலையில் வாகனம் கொண்டுவந்து கட்டடத்துச் சனம் பார்க்க என்னை ஏற்றவேண்டாம், நானாகவே வருவேன் என்றார். அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார். விமானத்தில் இரண்டு பக்கமும் காவலர் வேண்டாம் என்றார். அதற்கும் சரி. பிறகு என் தாடையைப் பிடித்து அதிகாரிக்குக் காட்டி, "பல் வைத்தியர் பாதி துளைத்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார், பாதிப் பல்லோடு ஒரு மனிதனை அனுப்புவீர்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து காட்டவேண்டியிருந்தது. பல்லுக்காக மூன்று கிழமை கிடைத்தது.

கடைசியில் அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். தானாக நாடு திரும்புகிறவர்களுக்கான தாள். என் கை தன்பாட்டில் பின்னால் போனது. எங்கள் ஆட்களிடையே ஒரு கட்டுப்பாடு இருந்தது: துரத்தினால் துரத்தட்டும், கையெழுத்து மட்டும் வைக்கக்கூடாது. வைத்தால், ஊரில் பிரச்சினை இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படி வைத்தவர்களோடு சிலர் கதைக்காமலே விட்டிருந்தார்கள்.

அவர் தமிழில் சொன்னார், "ஐசே, அஞ்சு கோல் பின்னாலை நிக்கிறம். கூட ஒரு ஆளைத் தாறா. எடும்."

"இதிலை வைச்சா அங்கை சமாதானம் எண்டு நான் சொன்ன மாதிரியெல்லோ?"

"முழுக்க வாசிச்சுப்போட்டன். 'நான் போறன்' எண்டுதான் கிடக்கு. ஏன் போறீர் எண்டு ஒரு இடத்திலையும் கேக்கேல்லை. துரத்திவிட்டால் இந்தப் பக்கத்து நாடு ஒண்டுக்கையும் பிறகு கால் வைக்க ஏலாது. நடந்து போனால் கதவு திறந்து கிடக்கும்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் மூண்டாவது தரத்திலேயே எழும்பிப் போட்டுது. இப்ப ஆர் இருக்கினம் பாக்க?"

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்லத் தெரியாது. ஓடிக் களைத்திருந்தேன் என்பது ஒரு காரணம். அவர் என் தாடையைப் பிடித்த விதம் இன்னொரு காரணம்.

மணியம் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. "அண்ணை உன்னை வித்துப்போட்டார்" என்றான். அடுத்த நாள் தனியே ஸ்தவாங்கர் போனான். அவன் லண்டன் போய்ச் சேர்ந்து, பிறகு அங்கே சொந்தமாகக் கடை போட்டான் என்று கேள்வி. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஊருக்குப் போனேன். சமாதானம் சில வருடங்களில் செத்துப்போனது. அதற்குள் கடவுச்சீட்டில் ஒரு கறையும் இல்லாமல் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டேன். பிறகு வேறு இடங்கள். எல்லாம் வாசல் வழியாகத்தான். எங்கள் இரண்டு பேரில் யார் வென்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பல் அடைத்து முடிந்த கிழமை என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். பனி கொட்டுகிற காலைநேரம். ரயிலில் என் பையை மடியில் வைத்திருந்தார். பகல் வேலைக்கு அவர் நேரத்துக்குத் திரும்பவேண்டும். அங்கே பிந்திப் போனால் மேற்பார்வையாளன் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கத்துவான் என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

காடர்மூன் விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் ஒரு கோப்பி குடித்தோம். கேட்கிற நேரம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணை, அந்தக் கீப்பர் கடைசி ஆளை எப்பிடி வெளியேத்தினவன்?"

கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "தெரியாது" என்றார்.

"எப்பிடித் தெரியாது?"

"நான் பாக்கேல்லை. அவன் நாலு பந்து எறிஞ்சதோடை எழும்பிட்டன். கூட வந்தவங்கள் பகிடி பண்ணினாங்கள், இந்தக் கூத்தை இன்னும் பாக்கப் போறியோ, வா, குடிக்கப் போவம் எண்டு. அப்ப பத்தொம்பதுக்குப் பூச்சியம். எழும்பிப் போன சனத்திலை நானும் ஒருத்தன் ஐசே."

நான் என் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

"வாசலிலை நிண்டு கதைச்சுப்போட்டு வெளிப் படியிலை இறங்கேக்கை உள்ளை ஒரு சத்தம். அதுக்குள்ளை தோக்கிற பக்கம் அடிக்கிற தரம் வந்திட்டுது போலை. மிச்சம் இருந்தது கொஞ்சச் சனம்தான். ஆனா அப்பிடி ஒரு சத்தம். எல்லாரும் எழும்பி நிண்டு கத்தினமாதிரி. திரும்பி ஓடினன். வாசல்காரன் விடேல்லை. வெளியிலை வந்தால் வந்ததுதானாம். அடுத்த நாள் பேப்பரிலை ஒரு வரி கிடந்தது. பத்தொம்பதுக்கு ஒண்டு எண்டு. அவ்வளவுதான். ஆர் அடிச்சது, எப்பிடி அடிச்சது, ஒண்டும் இல்லை. அந்தக் கீப்பர்தானோ எண்டுகூட எனக்குத் தெரியாது." கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். "அந்த ஒண்டை நான் பாக்கேல்லை."

பிறகு எழும்பி என் பையை என் தோளில் மாட்டிவிட்டார்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ அண்ணை. வேலைக்கு நேரமாகுது."

"போவன், போவன். நீர் உள்ளை போம். பிளேன் எழும்பட்டும்."

"அது எழும்பிறது இஞ்சையிருந்து தெரியாது."

"மேல்மாடியிலை ஒரு கண்ணாடிச் சுவர் கிடக்கு. விசாரிச்சுப்போட்டன்."

உள்ளே போய் என் இருக்கையில் உட்கார்ந்தேன். கதவு பூட்டினார்கள். விமானம் அசையவில்லை. சிறகுகளில் பனி உறைந்திருக்கிறது, கரைக்கிற வண்டிக்கு எங்களுக்கு முன்னால் வேறு விமானங்கள் வரிசையில் நிற்கின்றன என்று விமானி அறிவித்தார். அரை மணித்தியாலம் போனது. பிறகு இன்னும் கொஞ்சம். பக்கத்தில் இருந்தவர் நித்திரையாகிவிட்டார். நான் யன்னலில் முகத்தை வைத்துக் கட்டடத்தின் மேல்மாடியைப் பார்த்தேன். தூரத்தில் நீளமாக ஒரு கண்ணாடி தெரிந்தது, அதற்குப் பின்னால் சின்னச் சின்னதாகச் சில ஆட்கள். அவர்களில் அவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் ஒரு புள்ளி மட்டும் நின்றது.

வண்டி வந்து சிறகில் மருந்துத் தண்ணீரைப் பீச்சத் தொடங்கியது. யன்னல் மங்கிப்போனது. நான் திரும்பிப் போகிற இடத்தைப் பற்றி அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. கெதியாக எழும்பித் தொலை, அந்த மனுசன் வேலைக்குப் போகவேண்டும் என்று விமானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.